நூற்றெண்பத்து நாலு பக்க ஆயுதம்

"ஆ...!"

அலறல் மூன்றாவது மாடியையே ஒரு குலுக்குக் குலுக்கியது.

காலை ஒன்பது ஐம்பது. வகுப்பறை வாசலில் நின்று காப்பியை ஊதிக்கொண்டிருந்த பாட்டரி ஃபேக்டரி சூப்பர்வைசர், பாதிக் காப்பியைத் தன் சட்டைக்கே கொடுத்துவிட்டு ஓடினார். அவர் பின்னால் அவருடைய வார இறுதி எம்.பி.ஏ. குழுவின் மற்ற மூன்று பேர்: வங்கிக்காரர், ஆஸ்பத்திரி மேடம், ஸ்டார்ட்அப் பையன்.

பேராசிரியரின் அறை வாசலில் டைப்பிஸ்ட் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"சார்... உள்ள... விழுந்து கிடக்கிறாரு..."

கிடந்தார்.

குப்புற! ஒரு காலில்தான் ஷூ இருந்தது. தலைக்குப் பக்கத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு ஸ்பைரல் பைண்டிங். அதன் மூலையில் சிவப்பாக ஈரம்.

அந்த அட்டையைச் சூப்பர்வைசருக்கு நன்றாகத் தெரியும்.

'நிர்வாகத்தில் நேர்மை: ஓர் ஆய்வு. குழு எண் நான்கு.'

அவர் குழு. அவர்தான் தலைவர்.

"முதல்ல ஒரு கமிட்டி போடலாம்" என்றார் வங்கிக்காரர்.

"கமிட்டியா? ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்கய்யா" என்றார் சூப்பர்வைசர்.

"அந்தப் பொறுப்ப யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணத்தான் கமிட்டி."

சூப்பர்வைசர் ஆஸ்பத்திரி மேடத்தைப் பார்த்தார். "நீங்களாவது நாடி பிடிச்சுப் பாருங்க மேடம்."

"நான் அட்மிஷன் கவுண்ட்டர் சார். பேர், வயசு கேட்டு எழுதிப்பேன். அதுக்கு அவரு பேசணுமே."

நான்காவது ஆள் ஸ்டார்ட்அப். மூன்று வருடமாக அடுத்த மாதம் கம்பெனி தொடங்கப்போகிற பையன். "இதுல ஒரு வாய்ப்பு இருக்கான்னு யோசிக்கிறேன்" என்றான்.

அதற்குள் பின்னால் பூட்ஸ் சத்தம்.

"யாரும் எதையும் தொடாதீங்க. நான் இன்ஸ்பெக்டர்."

ஆள் ஒல்லி. காக்கிச் சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. பேண்ட்டை இடுப்பில் நாலைந்து ஊக்குகள் தாங்கிக்கொண்டிருந்தன. வந்த வேகத்தில் மேஜை விரிப்பை உருவிப் பேராசிரியரை மூடினார். நால்வரையும் பக்கத்து அறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

போலீஸ் இத்தனை சீக்கிரமாக வருமா என்று சூப்பர்வைசருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதற்கு மேல் யோசிக்கவிடாமல் அவருடைய செல்போன் அலறியது.

மனைவி!

"என்னங்க, ரிசல்ட் சொல்லிட்டாங்களா?"

"இங்க ஒரு கொலை நடந்திருக்குடி..."

"அது இருக்கட்டும். நீங்க பாஸா இல்லையா? என் தங்கச்சி காலைலேருந்து மூணு போன் பண்ணிட்டா."

அவள் அவசரம் அவளுக்கு. பாட்டரி ஃபேக்டரியில் மேனேஜர் நாற்காலி காலி. திங்கட்கிழமைக்குள் எம்.பி.ஏ. முடித்தால் அது சூப்பர்வைசருக்கு. முடிக்காவிட்டால் சகலைக்கு. சகலையும் அதே ஃபேக்டரிதான், பக்கத்து ஷெட். வீட்டில் 'அண்ணே, அண்ணே' என்று குழைகிறவனைத் திங்கட்கிழமையிலிருந்து 'சார்' என்று கூப்பிட வேண்டும். நினைத்தாலே அவருக்கு நாக்கு மடங்கியது.

பாக்கி இருந்தது ஒரே ஒரு பேப்பர். வணிக நெறிமுறை. அந்தப் பேப்பரைத் திருத்துகிறவர்தான் பக்கத்து அறையில் மேஜை விரிப்புக்கு அடியில் கிடந்தார்.

"அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த ரிப்போர்ட்டாலதான் அடிச்சிருக்காங்க. எழுதினவங்க கைரேகை பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். சொல்லுங்க... யாரு எழுதினது?"

சரியாக மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, பேராசிரியரும் இதையேதான் கேட்டார். அன்றைக்கு இருந்த போட்டி என்ன! ஆய்வு முறை என்னுடையது என்றார் வங்கிக்காரர். புள்ளிவிவரம் முழுக்க நான் என்றார் மேடம். தொலைநோக்கு என்னுது என்றான் ஸ்டார்ட்அப். நூற்றெண்பத்து நாலு பக்கத்தையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று மாதம் தனியாக எழுதிய சூப்பர்வைசர், யாரையும் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தலையை ஆட்டி வைத்தார்.

இன்றைக்கு வங்கிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"சார், மனசாட்சிக்கு விரோதமா என்னால பேச முடியாது. முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் எழுதினது இவர்தான்."

"அப்ப நீங்க?"

"வாட்ஸ்அப்ல கட்டைவிரல் போட்டேன் சார். மொத்தம் மூணு தடவை."

"மேடம்?"

"நான் ஒரே ஒரு மீட்டிங் வந்தேன். பாதியிலதான் தெரிஞ்சுது, அது வேற குழு மீட்டிங்."

"தம்பி?"

"எனக்குத் தலைப்பே இப்பதான் சார் தெரியும். எல்லாம் அண்ணன் உழைப்பு. ஒவ்வொரு புள்ளியும் கமாவும் அண்ணன் வச்சது."

சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடம்! எத்தனை அசைன்மெண்ட்! இந்த ஒரு வார்த்தைக்காக எப்படி ஏங்கியிருக்கிறார் மனிதர்... அது வந்து சேர்ந்த நேரத்தைப் பாருங்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

ஜெயில் கண்ணில் தெரிந்தது. ஜெயில் வாசலில், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மேனேஜர் சகலை தெரிந்தான்.

"நான் ஒரு வரிகூட எழுதல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? எழுதினது இவங்க மூணு பேரும்தான். நான் அந்த ரிப்போர்ட்டத் தொட்டதுகூட இல்ல."

"இன்னொரு தடவை கேக்கறேன். சத்தியமாவா?" இன்ஸ்பெக்டர் கேட்ட விதம் மிரட்டலாக இல்லை. கெஞ்சலாக இருந்தது.

"சத்தியமா!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். நாலு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"சொன்னத அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இடது பக்கம் மார்ஜின் விடணும்."

எழுதினார்கள். சூப்பர்வைசர் கடைசிச் சுழியைப் போட்டு முடித்ததும், கதவு கிறீச்சென்று திறந்தது.

மேஜை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒற்றை ஷூவோடு...

பேராசிரியர்!

"டைம் முடிஞ்சுது. பேப்பரக் குடுங்க."

மேடம் நாற்காலியோடு சரிந்தார். ஸ்டார்ட்அப் அவரைத் தாங்காமல் மேஜைக்கு அடியில் ஒளிந்தான்.

"ர... ரத்தம்?" வங்கிக்காரர் குழறினார்.

"நான் பேப்பர் திருத்துற சிவப்பு மை. நாலு பேரும் பார்த்தீங்க, ஒருத்தரும் மோந்துகூடப் பார்க்கல." பேராசிரியர் தாள்களை வாங்கிப் படித்தார். "புதன்கிழமை கேட்டப்ப எல்லாரும் புளுகினீங்க. அதான் இந்தச் செய்முறைத் தேர்வு. டைப்பிஸ்ட் அம்மா வருஷா வருஷம் இன்னும் நல்லா அலர்றாங்க."

சூப்பர்வைசருக்கு உயிர் வந்தது. உயிரோடு குரலும் வந்தது.

"சார்! இவங்க சொன்னதுதான் சார் நிஜம். முழுசும் நான் எழுதினது."

"தெரியும். எழுபதாம் பக்கத்துல ஒரு காப்பிக் கறை இருக்கு. இப்ப உங்க சட்டையிலயும் இருக்கு. அருமையான ரிப்போர்ட். 'நெருக்கடி வரும்போதுதான் ஒருவரின் நேர்மை தெரியும்'னு முடிச்சிருக்கீங்களே, அதுக்குக் கீழ நான் ரெண்டு கோடு போட்டேன்."

"அப்ப... மார்க்கு?"

"பாடம் பேரு என்ன?"

"வணிக... நெறிமுறை."

"ஒரு வேலையும் செய்யாத மூணு பேர் இன்னிக்கு உண்மையச் சொல்லியிருக்காங்க. பாஸ். எல்லா வேலையும் செஞ்ச நீங்க, மூணு தடவை கேட்டும் பொய் சொல்லி, அதுக்குக் கையெழுத்தும் போட்டிருக்கீங்க."

வங்கிக்காரர் சூப்பர்வைசரின் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீங்க. நாங்க இருக்கோம்ல."

அந்தக் கையை என்ன செய்திருப்பார் என்று சூப்பர்வைசருக்கே தெரியாது. நல்லவேளை, பேராசிரியர் பேசினார்.

"இதுக்கு மறுதேர்வு உண்டு. அடுத்த வருஷம்."

"என்ன சார் பண்ணணும்?"

பதில் இன்ஸ்பெக்டரிடமிருந்து வந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். காக்கிப் பேண்ட் பொத்தென்று கீழே விழ, உள்ளே இன்னொரு பேண்ட்.

"போன வருஷம் நாலாம் குழுத் தலைவர் நான்தாங்க" என்றார். "நானும் சத்தியம்தான் பண்ணேன். இந்த வேஷம்தான் மறுதேர்வு. மூணு தடவை கெஞ்சிக் கேட்டேனே, கேட்டீங்களா? சரி, இந்தாங்க... உங்களுக்கு ஊக்கு தேவைப்படாது."

காக்கிப் பேண்ட்டைச் சூப்பர்வைசரின் இடுப்பில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது!

செல்போன் மறுபடியும் அலறியது.

"என்னங்க ஆச்சு? மேனேஜரா, இல்லையா?"

சூப்பர்வைசர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"மேனேஜர் உன் தங்கச்சி புருஷன்தான். ஆனா அவன்கிட்ட சொல்லி வை... இன்ஸ்பெக்டர்கிட்ட மரியாதையா நடந்துக்கணும்னு."