காற்று நின்ற இருபத்தைந்து நிமிடங்கள்

காலை பத்து இருபதுக்குக் காற்று நின்றது.

விடியற்காலையிலிருந்து வெள்ளமணல் குப்பத்தைப் பிய்த்துப் போட்ட காற்று அது. அது நின்றதும் புயல் பாதுகாப்பு மையத்தில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னல் வழியே வெயில் விழுந்தது. அஞ்சலாட்சி அப்பாடா என்று பையைத் தோளில் மாட்டினாள். வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறதோ, போய்ப் பார்க்க வேண்டும்.

“எங்கம்மா போறே?” என்று மகள் இலக்கியா கேட்டாள். வயது பதின்மூன்று. கேட்ட குரல் மட்டும் முப்பது வயதுக்காரியின் குரல். “இது கண்ணும்மா. நடுப்பகுதி. இன்னும் பாதிப் புயல் பாக்கி இருக்கு.”

அஞ்சலாட்சிக்குச் சுருக்கென்றது. சொல்லிக்கொடுத்ததே அவள்தான்!

புரட்டாசி பிறந்தால் அவள் வீட்டில் புயல் பாடம் தொடங்கிவிடும். அண்டாவில் தண்ணீரை ஊற்றி அகப்பையால் சுற்றிவிடுவாள். ஈர்க்குச்சியின் நுனியில் நூல் கட்டித் தண்ணீரில் பிடிப்பாள். குச்சிதான் நம் வீடு, நூல்தான் காற்று என்பாள். சுழலின் ஓரத்தில் நூல் ஒரு பக்கம் இழுக்கும். நடுவுக்குக் கொண்டுபோனால் துவண்டு தொங்கும். அந்தப் பக்கம் நகர்த்தினால் நேர் எதிராக இழுக்கும். இலக்கியாவும் ஒன்பது வயது தருணும் மாறி மாறிப் பிடித்துப் பார்ப்பார்கள். பிறகு புதையல் வேட்டை. மிட்டாய் டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அடி எண்ணி வழி சொல்லும் வரைபடத்தை அவர்களையே போடச் சொல்வாள். வீட்டிலிருந்து மையம் வரைக்கும் ஒரு வேட்டை, மையத்திலிருந்து படகுத்துறை வரைக்கும் ஒரு வேட்டை. கண்ணைக் கட்டிக்கொண்டும் நடக்க வேண்டும். ஊரில் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் அவள் தம்பி சிங்காரவேல். அண்டாவில் புயல் பிடிக்கிற அக்கா என்று துறை முழுக்கச் சொல்லிவைத்தான்.

இப்போது அந்தச் சிங்காரவேலைத்தான் காணோம்.

கயிறு பார்க்கப் போய்விட்டான் என்று வாசலில் சொன்னார்கள். அந்தக் குப்பத்தில் அது ஒரு வழக்கம். காற்று நின்ற கையோடு படகுக்காரன் துறைக்கு ஓடித் தன் கயிற்றைத் தானே பார்க்க வேண்டும். அவிழ்ந்து கிடக்கிற படகை அடுத்தவன் இழுத்துக் கட்டிவிட்டால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பேச்சு ஓயாது. இன்னும் ஏழெட்டுப் பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர்களிடம் இலக்கியா சுருக்கமாகச் சொன்னாள். காலையிலிருந்து அடித்தது வாடை, அதாவது வடக்குக் காற்று. அது துறை இருக்கிற உப்பங்கழியின் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளியிருக்கும். கண் கடந்ததும் தெற்கிலிருந்து சோழகம் அடிக்கும். தள்ளிய தண்ணீர் அத்தனையும் திரும்பி வரும். கழிக்குள் நிற்பவன் கரையேற முடியாது. படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. ஆனால் யாரும் உடனே படியிறங்கவில்லை.

அஞ்சலாட்சி இறங்கினாள். அம்மா செத்தபோது சிங்காரவேலுக்கு நாலு வயது. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்.

“தனியாப் போனா வழி தப்பிடுவே. அடிக்கணக்கு என்கிட்டதான் இருக்கு” என்று இலக்கியா கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டாள். தருண் சோற்றுத் தட்டையும் கரண்டியையும் தூக்கிக்கொண்டு மாடி ஜன்னலுக்கு ஓடினான். கிழக்கே கடலுக்குள் பழைய பாலத்தின் தூண்கள் தெரிந்தன. அதற்கும் அப்பால் வானம் கறுத்துச் சுவராக நின்றது. சுவர் தூண்களை மறைத்ததும் தட்டை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இந்த ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டுதான் மகள் அம்மாவை வெளியே விட்டாள்.

வெளியே ஊரே இல்லை! பாதை இருந்த இடத்தில் மணல் மேடு. பனைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஐஸ் கம்பெனியின் கூரை யாருடைய கொல்லையிலோ கவிழ்ந்திருந்தது. அஞ்சலாட்சி இடப்பக்கம் திரும்பப் போனாள். இலக்கியா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“நூத்தி நாப்பதுதான் ஆச்சு. இருநூத்திப் பத்துலதான் திரும்பணும்.”

இருநூற்றுப் பத்தில் திரும்பினார்கள். மரங்களுக்கு அடியில் தவழ்ந்தார்கள். ஆணி துருத்திய பலகைகளைத் தாண்டினார்கள். விழுந்த மின்கம்பம் ஒன்று குறுக்கே கிடந்தது. கம்பியைத் தொடாமல் சுற்றிப்போனதில் முப்பது அடி கூடியது. அதையும் மகள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பின்னால் நடந்த தாய் அந்த ஒல்லி முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் ஒரு வேலை சொன்னால் மூன்று தரம் கூப்பிட வேண்டியிருக்கும் அதே பெண்தானா இது?

அறுநூற்று எழுபதாவது அடியில் கழி வந்தது. உள்ளே தண்ணீரே இல்லை. வெறும் சேறு. நடுவில் சிங்காரவேலின் நீலப் படகு சாய்ந்து கிடந்தது. அவன் தொடை வரைக்கும் சேற்றில் நின்று எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அதே நேரம் தூரத்தில் தட்டுச் சத்தம் கேட்டது. டண், டண், டண்.

ஒப்பந்தப்படி திரும்ப வேண்டும். இலக்கியா நின்றாள், கண் கலங்கியது. அஞ்சலாட்சி நிற்கவில்லை. கரையின் விளிம்புக்குப் போய் வந்துடு தம்பி என்று கத்தினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், புயல் போயாச்சு, நீ அண்டாவைப் போய்க் கழுவு என்றான். எஞ்சின் அவனுடைய மூன்று வருஷ உழைப்பு. விட்டு வர மனசு வருமா?

இலக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். கத்தவில்லை.

“மாமா, என்னைப் பாக்க வேணாம். உங்க கொடியைப் பாருங்க.”

படகில் நட்டிருந்த கொம்பில் ஒரு கிழிந்த சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. காலையெல்லாம் தெற்குப் பக்கம் படபடத்த துணி. அது மெல்ல அசைந்தது. தொங்கியது. மறுபடி எழுந்தது. இந்தத் தடவை வடக்குப் பக்கம்.

சிங்காரவேல் பள்ளிக்கூடத்தில் தங்காதவன். ஆனால் காற்றைப் படிக்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடியைப் பார்த்தான். கடல் பக்கம் பார்த்தான். கழியின் வாயில் வெள்ளையாக ஒரு கோடு நெளிந்து வந்தது. ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது.

காலைத் தூக்கினான், வரவில்லை. இலக்கியா கயிற்றை வீசினாள். முதல் தடவை எட்டவில்லை. இரண்டாவது தடவை அக்குளில் கோத்துக்கொண்டான். சாய்ந்து கிடந்த பனைமரத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றித் தாயும் மகளும் காலை உதைத்து இழுத்தார்கள். உள்ளங்கை உரிந்தது. சேறு அவனைச் சப்பிச் சப்பி விட்டது. வயிற்றால் தவழ்ந்து கரையேறியபோது தண்ணீர் படகைத் தூக்கிவிட்டது.

ஓடினார்கள். இலக்கியா இப்போது எண்ணிக்கையைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே ஓடினாள். காற்றுக்கு முந்தி வந்த மழை முதுகில் கல்லாக விழுந்தது. கடைசி நூறு அடிக்குள் கண்ணைத் திறக்க முடியவில்லை. தருணின் தட்டுச் சத்தத்தை வைத்தே படியைக் கண்டுபிடித்தார்கள்.

வாசலில் அந்த ஏழெட்டுப் பேர் பொறுமையிழந்து நின்றார்கள். வெறும் மழைதானே, நீ மட்டும் கயிறு பார்த்துட்டே, நாங்க பாக்க வேணாமா என்று ஒருவர் படியில் கால் வைத்தார்.

சிங்காரவேல் அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். சேறு வழிய வழியக் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான்.

“போறவன் என்னைத் தாண்டிப் போகணும்” என்றான். “எம் மருமவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். அதற்குள் சோழகம் முழு வேகத்தில் வந்து கதவை மோதியது. தாழ்ப்பாள் நெகிழ்ந்து அவன் உடம்பு ஒரு சாண் முன்னால் தள்ளப்பட்டது. காலை ஊன்றி மறுபடி சாய்ந்துகொண்டான். கைலியை மடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் முதுகையும் கதவுக்குக் கொடுத்தார்கள்.

அஞ்சலாட்சி மகளின் உரிந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்தவள் மறந்துபோனதைக் கற்றுக்கொண்டவள் மறக்கவில்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “பசிக்குதாடி?” என்று கேட்டாள்.