மூன்றாம் வருஷத்து ஆரஞ்சு

ஒரே ஒரு ஆரஞ்சு... அதற்கா இந்த மனுஷன் இப்படிக் கத்துகிறான்?

வழியோர மரத்தில் பறித்து உரித்த பழம் கையில், மழை தலையில். பெய்லா திரும்பினாள். முழங்கால் வரை சேறு, தாடியெல்லாம் தண்ணீர். ஓடி வந்தவனின் கண்கள் மட்டும் மழையில் கழுவிவிட்டது போலப் பளிச்சென்று...

"வாயில வைக்காதீங்க!"

"வைக்கல. இந்தாங்க உங்க சொத்து! வாசல்லயே கஞ்சன்னு எழுதிப் போட்டிருக்கலாமே?"

பழத்தை அவன் கையில் திணித்தாள். விரல்கள் பட்டன. ச்சே, இந்த நேரத்திலா நெஞ்சு இப்படிக் குதிக்கும்!

அவன் குனிந்து மண்ணைத் தோண்டிப் பழத்தைப் புதைத்தான். தானும் தின்னாமல், தரவும் தராமல்... பைத்தியமோ?

அச்சு முறிந்த வண்டியை விட்டுவிட்டு அப்பா நப்தாலி அங்கே வந்து சேர்ந்தார். யூத முறைப்படி ஆடு மாடு அறுத்துக்கொடுப்பது அவர் தொழில். ரஷ்யாவை விட்டுக் கப்பலேறி வந்து வடக்கே அவர்கள் வாங்கிய நிலத்தை இரண்டு வருஷமாய் வெட்டுக்கிளி தின்றுவிட, புவெனஸ் அயர்ஸில் மாமாவின் தையற்கடையை நம்பிக் கிளம்பியிருந்தார்கள்.

புதைத்த இடத்தை அப்பா பார்த்தார்.

"நட்டு எத்தனை வருஷம், தம்பி?"

"மூணாவது."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. "நட்ட மரத்துல மூணு வருஷம் காய்க்கிற பழத்தைத் தின்னக்கூடாதுன்னு வேதத்துல வாசிச்சியே, பெய்லா..."

வாசித்திருந்தாள், ஆறு வயதில், சத்தம் போட்டு. ஆனால் ரஷ்யாவில் அவர்களுக்கு ஏது மரம்? யூதர்கள் நிலமே வாங்கக்கூடாது என்றது அங்கத்து அரசாங்கம். பழம் என்றால் சந்தைக் கூடையில் வருவது. காக்க மரமில்லாதவர்கள் அந்த வரியை எப்படி நினைவில் வைத்திருப்பார்கள்! இவன் மட்டும், இந்த ஆளரவமற்ற எந்த்ரே ரியோஸ் காட்டில், யாரும் பார்க்காதபோதும்...

கஞ்சன் என்றாளே!

அச்சு செய்ய இரண்டு நாள் ஆனது. மன்னிப்பு தொண்டை வரை வந்து வந்து திரும்பியது.

"கஞ்சன் வீட்டு மாத்தே... குடிப்பீங்களா?" லேய்சர், அதுதான் அவன் பெயர், அந்த ஊர்ப் பச்சிலைத் தேநீர் நிறைந்த சுரைக்குடுக்கையை நீட்டினான்.

"புதைக்காமக் குடுத்தா குடிப்பேன்."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் மன்னிப்பைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தனியாள் என்றான். முறைப்படி அறுத்துத்தர ஆளில்லாமல் எட்டு மாதமாக முட்டையும் சோளமும்தானாம்.

மூன்றாம் நாள் காலை வண்டி பூட்டியாயிற்று. மழை தூறிக்கொண்டே இருந்தது.

"போயிடுங்க, பெய்லா." அவன் மாட்டைத் தடவியபடியே பேசினான். "வெட்டுக்கிளி இங்கயும் வரும். இந்த மரம் பிழைக்குமான்னே தெரியாது. இதை நம்பி இருங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல. கேக்கணும்னு மட்டும்... ரெண்டு நாளா தூக்கமில்ல."

அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைச் சொல்லவா இத்தனை சுற்று!

"ஏறும்மா, ரயில் போயிடும்," என்றார் அப்பா.

பெய்லா தன் மூட்டையை வண்டியிலிருந்து இறக்கினாள். பக்கத்தில் அப்பாவின் கத்திப்பெட்டியையும் இறக்கி வைத்தாள்.

"இவர் இறைச்சி சாப்பிட்டு எட்டு மாசமாச்சுப்பா."

"அதுக்கு?"

"பழம் சாப்பிட இன்னும் ஒரு வருஷம் இருக்கு." லேய்சரைப் பார்த்தாள். அவன் மாட்டைத் தடவுவதை நிறுத்தியிருந்தான்.

"ஏறு, பெய்லா."

"மாட்டேம்ப்பா," என்றாள் மெல்ல.