மற்றவருக்காகக் காத்திருக்கிறோம்

பேட்டரி இரண்டும் மேசைமேல் இருந்தன. அவனே கழற்றி அருகருகே வைத்தவை. ஆனாலும் எதிர் நாற்காலியில் கிடந்த வீடியோ கேம் கன்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. ஜன்னல் வழியாக வெயில் தாராளமாக வந்து தரையில் விழுந்திருந்தது, மாடியில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது, பயப்படுவதற்கான நேரமே இல்லை அது. ஏதோ மிச்சமிருந்த கரண்ட், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு இதுகூடத் தெரியாதா என்ன? கொஞ்ச நேரம் ஆயிற்று. அணையவில்லை.

அந்தக் கன்ட்ரோலர் குண்டூசியுடையது. ஒல்லியாக, தலை மட்டும் உருண்டையாக இருப்பான் என்று வேலையிடத்தில் வைத்த பெயர். பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுவாள். பதினோரு வருடம் அவனும் குண்டூசியும் ஒரே ஜோடியாக வேலை பார்த்தார்கள். ஞாயிறு தவறாமல் குண்டூசி தன் கன்ட்ரோலரை மஞ்சள் துடைப்புத் துணியில் சுற்றிக்கொண்டு இங்கே வந்துவிடுவான். அடுத்தவன் கன்ட்ரோலரைத் தொடமாட்டான், அது அவனுக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி.

இன்று காலை அதே மஞ்சள் துணியோடு குண்டூசியின் மனைவி வந்திருந்தாள்.

"வீட்ல இருந்தா பாப்பா எடுத்து அமுக்கிட்டே இருக்கா, அண்ணா. நீங்களே வச்சுக்குங்க."

வாங்கிக்கொண்டான். போவாள் என்று நினைத்தான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"அவர் கடைசியா 'சரி'ன்னு சொன்னது உங்களுக்கு நல்லா கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சும்மா."

"பயந்த குரலா?"

"இல்லம்மா. எப்பவும் போலத்தான்."

அவள் தலையாட்டிவிட்டுப் படியில் இறங்கிப் போனாள். இந்தக் கட்டிடத்து லிஃப்ட் மூன்று நாளாக ஓடவில்லை, கதவில் அட்டை தொங்குகிறது. 'வீட்டுக்குள்ளயே மெக்கானிக்கை வச்சுக்கிட்டு நாங்க மூச்சு வாங்குறோம்' என்று கீழ்வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் குத்திக்காட்டுகிறார். அவன் சிரித்து மழுப்பிவிடுவான். லிஃப்ட் கதவைத் தொட்டு நாற்பது நாள் ஆகிறது.

அவர்கள் விளையாடியது யாருக்கும் தெரியாத ஒரு விளையாட்டு. கடையிலும் கேட்டால் முழிப்பார்கள். வறண்டுபோன ஓர் ஆழ்கிணறு. கையில் விளக்கோடு இரண்டு குட்டி உருவங்கள். ஒருவர் மேலே நின்று ராட்டினத்தைச் சுற்றிக் கனமான கற்பலகையை ஏற்றி இறக்க வேண்டும், மற்றவர் அதற்கு அடியில் புகுந்து வழியைத் திறக்க வேண்டும். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. ஒருவரை ஒருவர் நம்புவது மட்டும்தான். தனியாக ஆடவே முடியாது. ஆள் குறைந்தால் திரையில் ஒரு வரி வந்து நிற்கும்: மற்றவருக்காகக் காத்திருக்கிறோம்.

அதில் பேச வழி இல்லை. விளக்கை ஒருமுறை சிமிட்டினால் 'இரு', இருமுறை சிமிட்டினால் 'இறக்கு'. அவன்தான் எப்போதும் மேலே, குண்டூசி எப்போதும் கீழே. "நீ தின்ன தீனிக்கு அங்கயே நின்னு சுத்து, நான் சந்துல நுழையுறேன்" என்பான். பன்னிரண்டாம் தளம்வரை வந்திருந்தார்கள். அதுதான் கடைசித் தளம்.

தப்பு அங்கிருந்துதான் வந்தது. லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு: அடியிலுள்ள குழியில் இருப்பவன் வாயைத் திறந்து 'சரி' என்று சொல்லாமல் மேலே இருப்பவன் லிஃப்ட் கூண்டை அசைக்கக் கூடாது. சைகை ஆகாது, தட்டுவது ஆகாது. குரல்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம் மெல்ல வேலை நாட்களுக்கும் வந்துவிட்டது. கீழேயிருந்து குண்டூசி, கூண்டு ஓடும் தண்டவாள இரும்பில் ஸ்பேனரால் ஒருமுறை தட்டினால் 'இரு', இருமுறை தட்டினால் 'இறக்கு'. கத்த வேண்டாம், தொண்டை மிச்சம். இவ்வளவு ஒத்துப்போன ஜோடி ஊரிலேயே கிடையாது என்று இரண்டு பேருக்கும் பெருமை வேறு.

நாற்பது நாளுக்கு முன் ஒருநாள் இருமுறை சத்தம் வந்தது. இறக்கினான்.

பிறகு குழியில் போய்ப் பார்த்தபோது ஸ்பேனர் ஓர் ஓரமாகக் கிடந்தது. கை நழுவி, இரும்பில் ஒருமுறை, தரையில் ஒருமுறை. அவ்வளவுதான். கூண்டின் அடிப்பகுதியில், கருப்பு மசகில், ஒரு கையின் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. தள்ளிப் பார்த்திருக்கிறான்.

விசாரணையில் கேட்டார்கள். "குரல் வந்துச்சா?" வாய் தானாகச் சொல்லிவிட்டது: "வந்துச்சு சார். சரின்னான்." கீழே இருந்தவரின் கவனக்குறைவு என்று அறிக்கையில் எழுதி மூடிவிட்டார்கள். இறந்தவன் தலையில் பழி. அந்தப் பொய்யில் தன் பங்குக்கு ஓர் ஆறுதலையும் தேடிக்கொண்டாள் அவன் மனைவி, புருஷன் கடைசியாகப் பேசிய வார்த்தை என்று. அதை இனி எப்படிப் பிடுங்குவது? ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று படுப்பான். விடிந்தால் வாய் வராது.

குண்டூசி இல்லாத இந்த நாற்பது நாளும் விளையாட்டைத் திறந்து அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அழுகை வரும்வரை உட்காருவான், வந்ததும் அணைத்துவிடுவான். இன்றும் அப்படித்தான் திறந்தான்.

வரி வந்தது. நின்றது. போய்விட்டது.

பன்னிரண்டாம் தளம் திறந்தது. கிணற்றின் கல் சுவர், மேலே ராட்டினம், கீழே இருட்டு. இரண்டு விளக்குகள். ஒன்று மேலே, ஒன்று அடியில். எதிர் நாற்காலியைப் பார்த்தான். கன்ட்ரோலர் அசையவில்லை. ஆனால் மெத்தை நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது, ஒல்லியான ஆள் உட்கார்ந்தால் அமுங்கும் அளவுக்கு.

பயத்தைவிட முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கமில்லாமல் அப்படியொரு சந்தோஷம். "வந்துட்டியாடா?" என்றான்.

வீட்டுக்குள் மசகெண்ணெய் வாடை அடித்தது. பழைய மசகு, இரும்புத்தூள், குழியில் தேங்கும் தண்ணீர் எல்லாம் கலந்த அந்த வாடை. சட்டையை முகர்ந்து பார்த்தான், சட்டையில் இல்லை. மாடியில் துணி துவைக்கும் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. வெயிலும் தரையிலிருந்து போயிருந்தது. மேகமாக இருக்கும்.

ராட்டினத்தைச் சுற்ற மாட்டேன், இந்தத் தடவை சத்தியமாகச் சுற்ற மாட்டேன் என்று நினைத்துக்கொண்டே தன் கன்ட்ரோலரைப் பிடித்தான். அதிலிருந்த குச்சியை லேசாக இடப்பக்கம் தள்ளினான், தன் உருவம் ராட்டினத்தைவிட்டு விலகி நிற்கட்டும் என்று.

மேலே இருந்த உருவம் அசையவில்லை.

அடியில் இருந்தது அசைந்தது.

மறுபடி தள்ளினான். அடியில் இருந்த குட்டி உருவம் இடப்பக்கம் நடந்து, சுவரில் முட்டி நின்றது. அவன்தான் அடியில். ராட்டினத்தின் பிடியில் கை வைத்தபடி மேலே நின்றது மற்றது. குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றவில்லை. பொறுமையாகக் காத்திருந்தது, விதிப்படி.

விளக்கை ஒருமுறை சிமிட்டினான். இரு.

போன் அடித்தது. குண்டூசியின் மனைவி.

"அண்ணா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. பாப்பா அழுதுட்டே இருக்கா. அப்பா கடைசியா எப்படிப் பேசுனாருன்னு கேக்குறா. ஸ்பீக்கர்ல போடுறேன். அவர் சொன்ன மாதிரியே ஒரு தடவை சொல்லிக் காட்டுறீங்களா?"

இப்போது சொல்லிவிடலாம். உங்கப்பா எதுவுமே சொல்லலடா கண்ணு, தப்பு என்னுது. நாக்கின் நுனிவரை வந்தது.

"மாமா?" என்றது சின்னக் குரல்.

நெஞ்சு உடைந்துவிட்டது. குண்டூசி இழுக்கிற மாதிரியே இழுத்து, கொஞ்சம் மூக்கால், சொல்லிக்காட்டினான்.

"சரீ..."

பிள்ளை அழுகையை நிறுத்தியது.

திரையில் மேலே இருந்த உருவம் நிமிர்ந்தது. குரல் வந்துவிட்டது. இனி அதற்குத் தடையில்லை. ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது.

சுவருக்குப் பின்னால், மூன்று நாளாக ஓடாத லிஃப்டின் மோட்டார் உறுமியது. கம்பிவடம் கிறீச்சிட்டது. இறங்குகிறது. அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆனால் அது சுவருக்குப் பின்னால் இல்லை.

தலைக்கு மேலே.

"இரு" என்றான். குரல் வரவில்லை. இருந்த ஒரே குரலைக் கொடுத்தாகிவிட்டது. கன்ட்ரோலரால் தரையில் ஓங்கி ஒருமுறை தட்டினான். இரு. கொஞ்சம் விட்டு மறுபடி ஒருமுறை. இரு. தட்டுவது ஆகாது. குரல்தான்.

அறை இருண்டது. கதவு இருந்த இடத்தில் கான்கிரீட். ஜன்னல் இருந்த இடத்தில் தண்டவாளம்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா? அண்ணா?"

நிமிர்ந்து பார்த்தான். விட்டமும் இல்லை, மின்விசிறியும் இல்லை. ஒரு கூண்டின் அடிப்பகுதி, அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன் கருப்பு மசகில் ஐந்து விரல் பதிந்த ஒரு கைத்தடம். அதற்குப் பக்கத்தில், இன்னொரு கை வைக்கும் அளவுக்கு, இடம் விட்டிருந்தது.