கருணை மதிப்பெண்

சூடாமணியின் ரப்பர் செருப்பு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே ஜோடியாகக் கிடந்தது.

துணி எடுக்க வந்த கஸ்தூரிரங்கன் வாளியைக் கீழே வைத்தார். நுரையீரல் சுருங்கிப்போய், கட்டிலிலிருந்து குளியலறை போவதற்குள் நடுவில் நாற்காலி போட்டு இளைப்பாற வேண்டிய தம் மனைவி, எட்டு மாதமாக மந்தைவெளி வீட்டின் வாசற்படியைக்கூடத் தாண்டாதவள், காலை மழை இன்னும் தேங்கி நிற்கும் இந்தத் தரையில் எப்போது நடந்தாள்? ஒருவேளை தாமே மறதியில் அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோமோ என்று குனிந்து பார்த்தார். அறுபத்தெட்டு வயதில் தம்மையே நம்ப முடியாது. காலில் அவருடைய செருப்புதான் இருந்தது.

அப்போதுதான் நேற்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய படிவம் ஞாபகம் வந்தது. 'ஒரு மாடி ஏற முடிகிறதா?' பத்துக்குப் பத்து.

மாதாமாதம் போனில் வரும் படிவம் அது. வாழ்க்கை எப்படிப் போகிறது என்று நோயாளியையே கேட்கும் பத்துக் கேள்விகள். மொத்தம் நாற்பதுக்குக் கீழே போனால் புது மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். சூடாமணிக்குப் பேச மூச்சில்லை என்பதால் விரலால் காட்டினாள். கூட்டினால் பதினொன்று வந்தது. கஸ்தூரிரங்கனோ கணக்கு வாத்தியாராக இருந்தவர். முப்பத்திரண்டு வாங்கிய எத்தனையோ தறுதலைகளை முப்பத்தைந்தாக்கிக் கரையேற்றிய கை. சொந்தப் பெண்டாட்டிக்குச் செய்ய மாட்டாரா? எல்லாவற்றுக்கும் பத்துப் போட்டார். அவர் சர்வீஸிலேயே இல்லாத சென்டம்.

படியிறங்கும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் படிவங்களைப் பார்த்துக்கொள்ளும் மேகலா.

"இன்னா சார் இது, அம்மாக்கு நூத்துக்கு நூறு போட்டுக்கீறீங்க?"

"நன்னா இருக்காம்மா."

"எங்க டாக்டருக்கே அவ்ளோ வராது சார்." சிரித்தவள் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா தட்டியிருந்தா ஆறு மணிக்குள்ள மாத்திடுங்க. அப்பால பூட்டிக்கும். இந்த மார்க்குக்கு ஒரு வருசம் மாத்திரை உண்டு. ஆனா அம்மா சொன்னதத்தான் போடணும் சார்."

"அவ சொன்னதுதான்."

வீட்டுக்குள் நுழைந்ததும் கடுகு தாளித்த வாசனை வந்தது. படுக்கையறையில் ஆக்ஸிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. மூக்கில் இருக்கவேண்டிய குழாய் தலையணைமேல் கிடந்து ஸ்ஸ் என்று பஞ்சுக்குக் காற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தது. சமையலறையில் சூடாமணி நிமிர்ந்து நின்றிருந்தாள்.

"ஏன்னா, தோசை வார்க்கட்டுமா?" ஒரே மூச்சில். நடுவில் நிற்காமல்.

அவர் வழக்கம்போலக் கிண்டலில் இறங்கினார். "எட்டு மாசமா நான் வார்த்ததத் தின்னு ரோஷம் வந்துடுத்தாக்கும்."

"அது தோசைன்னு நேக்கு இத்தன நாள் தெரியவே இல்ல."

அவர் சிரித்தார், அழுதார், மூன்று தோசை சாப்பிட்டார். நான்காவதைப் பிட்டபோதுதான் வீட்டில் ஏதோ ஒன்று குறைவது காதுக்கு உறைத்தது. இரவும் பகலும் சுவருக்குச் சுவர் கேட்டுக்கொண்டிருந்த அந்த விசில், அவள் நெஞ்சு இழுக்கும் சத்தம், இல்லை. குழாய் சொட்டுவது கேட்டது. மெஷின் கேட்டது. அவள் மூச்சுதான் கேட்கவில்லை.

எழுந்து போய் அவள் மூக்கின் கீழே விரலை வைத்தார்.

காற்று இல்லை.

'மூச்சுத்திணறல் துளியும் இல்லை.' பத்து.

"உக்காரு சூடா."

"நேக்கு அசதியே இல்லையே." அதற்கும் பத்து.

கருகல் நாற்றம். தோசை அல்ல. அவள் இடது கை கல்லின்மேல் பதிந்திருந்தது. முழு உள்ளங்கையும். அவர் அலறிக்கொண்டு அதைப் பிடுங்கினார். தோல் கல்லோடு தங்கிவிட்டது.

"வலிக்கலையா?"

"நன்னா இருக்கேன்னா."

சிரித்தாள். 'எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.' அந்தச் சிரிப்பு கலையவில்லை. கல் புகைந்தது, சிரிப்பு கலையவில்லை. அவர் அடுப்பை அணைத்தார். சிரிப்பு அப்படியே இருந்தது.

புடவை மடிப்புக்குள் அவள் வலது கை அசைந்தது. அவர் குனிந்து பார்த்தார். ஒரு விரல். நடுங்கிக்கொண்டு, ஒரே ஒரு விரல். பிறகு அதுவும் மடங்கியது. பூஜ்யம். மறுபடி ஒன்று. மறுபடி பூஜ்யம்.

நேற்று அவள் காட்டியதைத்தான் இன்றும் காட்டிக்கொண்டிருந்தாள். வாய்தான் அவளுடையதாக இல்லை.

ஐந்து ஐம்பத்தாறு. போனைத் திறந்தார். முதல் பத்தை அழித்து ஒன்று போட்டார். இரண்டாவதில் பூஜ்யம். கண்ணீர் மறைத்தது. பத்தாவது கட்டம் வரை திருத்தினார். கூட்டினால் பதினொன்று. கீழே 'அனுப்பு'.

மூச்சில்லாத அவளை நிறுத்திவைத்திருப்பது அந்த நூறுதான். அழுத்தினால் போய்விடுவாள். இன்றைக்கே.

நாற்பத்து மூன்று வருஷம்.

ஐம்பத்தொன்பது. கட்டைவிரல் இறங்கவில்லை. வாத்தியாரால் யாரையும் ஃபெயில் போட முடிந்ததில்லை.

"மன்னிச்சுடுடி," என்றார். போனைக் கவிழ்த்தார்.

ஆறு.

மடிப்புக்குள் கை நின்றுபோயிற்று. சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு சிற்றெறும்பு அவள் தோளில் ஏறி, கழுத்து வழியாகக் கன்னத்துக்கு வந்து, திறந்திருந்த கண்ணுக்குள் இறங்கிக் கருவிழியை நிதானமாகக் கடந்தது. இமை அசையவில்லை.

"நன்னா இருக்கேன்னா," என்றது சிரிப்பு.