பூதம் தயிர்ச்சோறு தின்னாது

டிரிங்... டிரிங்...

போன் அடித்தது. காலை ஏழு நாற்பது.

தயாளினி எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? ஒரு கையில் சோற்று வாளி, மறு கையில் அகப்பை. முன்னால் பதினொரு நாய்கள். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு!

கோப்பாயில், தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. வாசல் கேற்றில் ஒரு பலகை. 'பெரிய நாய்கள். வளர்க்க விரும்புவோர் வரவும். இலவசம்.'

குட்டி என்றால் கொத்திக்கொண்டு போவார்கள். வளர்ந்த நாயை யார் கேட்கிறார்கள்? அதனால் தயாளினி ஒவ்வொரு கூட்டிலும் ஒரு காகித மட்டை தொங்கவிட்டிருந்தாள். நாயின் குணம், குறை, எல்லாம் அதில் இருக்கும். பொய் எழுத மாட்டாள். அதுதான் அவளுடைய கெட்ட பழக்கம்!

'மந்திரி. ஒன்பது வயது. முதலாளி கனடா போய்விட்டார். இன்னும் கேற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் வராது. பொறுமை வேண்டும்.'

'சண்டி. நான்கு வயது. பெயருக்குத்தான் சண்டி. குடையைக் கண்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடும். உயரமான கட்டில் நல்லது.'

'ராணி. ஆறு வயது. மூன்று கால். ஓடிப் பிடிக்க முடியாது என்று நினைக்க வேண்டாம்.'

இத்தனை எழுதியும் மூன்று மாதத்தில் ஒரே ஒரு நாய்தான் வீடு கண்டிருந்தது.

பூதம்!

போன் மூன்றாம் முறையாக அடித்தது. வாளியை வைத்துவிட்டு எடுத்தாள். நல்லூரிலிருந்து லூர்த்தம்மா. பூதம் போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

"பிள்ளை... ஓடி வா! ஆழ்வாப்பிள்ளையர் செத்துப்போனார்!"

"என்னக்கா சொல்லுறியள்?"

"கிணத்தடியிலை... மண்டை உடைஞ்சு கிடந்தவர். பூதம்தான் பாய்ஞ்சு விழுத்தினதெண்டு கோகுலன் சொல்லுறான். அதுக்கு ஊசி போட்டுக் கொல்லப்போறாங்களாம்!"

அகப்பை கீழே விழுந்தது. மந்திரி மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அது கேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாயின் உயிர் மட்டுமா? கொட்டகை நிற்கும் காணி விற்றாகிவிட்டது. மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற ஆழ்வாப்பிள்ளை, தன் வீட்டு வளவில் பின்பாதியை நாய்களுக்கு எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். உறுதிப் பத்திரம் எழுத வைத்த நாள், திங்கட்கிழமை.

இன்று சனி!

ஸ்கூட்டியை முறுக்கினாள்.

* * *

நல்லூர்க் கோயிலில் கொடியேறிப் பதினேழாம் நாள் திருவிழா. தெருவை மறித்துத் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஸ்கூட்டியை அதிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

உடல் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. கிணற்றுக்கட்டில் இரத்தம் காய்ந்து கிடந்தது. மாமரத்தில் சங்கிலி. சங்கிலியின் முனையில்... பூதம்!

கறுப்பு. நாற்பத்துநான்கு கிலோ. முகமெல்லாம் இரத்தம்.

அவளைக் கண்டதும் வால் ஒரு முறை ஆடியது. அவ்வளவுதான்.

"தங்கச்சி, கிட்டப் போகாதேங்கோ!" சப் இன்ஸ்பெக்டர் ஜஸ்ரின் குறுக்கே வந்தார். பெரிய வயிறு, சின்ன நோட்டுப் புத்தகம். "கொலைகாரன் உவன்!"

"இது கொலைகாரன் இல்லை சேர்! ஆரைக் கண்டாலும் தன்ரை உறவெண்டு நினைக்கிற நாய்!"

"உறவுக்காரர் கொலை செய்யிறேல்லையோ? என்ரை அலுமாரி முழுக்க அந்த பைல்தான்!"

பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது.

கோகுலன்! ஆழ்வாப்பிள்ளையின் மருமகன். தமக்கையின் மகன். முப்பத்துநாலு வயது. வெறும் மேல், வேட்டி, நெற்றி நிறைய விபூதி. முதுகெல்லாம் கோயில் வீதி மணல் ஒட்டியிருந்தது.

"நாலரைக்கே நான் கோயிலுக்கு வெளிக்கிட்டிட்டன் சேர். வீதியிலை உருண்டு பிரதட்டை அடிச்சுப்போட்டு ஏழு மணிக்கு வாறன்... மாமா கிணத்தடியிலை... உது அவற்றை நெஞ்சிலை தலையை வைச்சுக்கொண்டு படுத்திருக்குது!"

"அப்ப அது நக்கினதாலை வந்த ரத்தம்!" என்றாள் தயாளினி. "கடிச்ச காயம் இருக்கோ? கேளுங்கோ சேர்!"

"கடிக்கேல்லை. தள்ளி விழுத்தினது. கிணத்துக்கட்டிலை மண்டை அடிபட்டிட்டுது." ஜஸ்ரின் உள்ளே போய்ச் சுவரிலிருந்து ஒரு மட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். "உது ஆற்றை எழுத்து?"

அவளுடைய எழுத்து. அவரே உரக்க வாசித்தார்.

"'பூதம். ஐந்து வயது. குரைக்காது. காவலுக்கு உதவாது. சந்தோசம் வந்தால் இரண்டு காலில் எழும்பி, ஆளின் தோளில் கை போடும். வயதானவர்கள் கவனம்.' வயதானவர்கள் கவனம்! நீங்களே எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கிறியள். இதைவிட வேறை சாட்சி வேணுமோ?"

தயாளினி அந்த மட்டையையே பார்த்தாள். உண்மையை எழுதியதற்கு இப்படியும் ஒரு தண்டனையா?

"மாமாவுக்குப் பிறகு நாய்க்கு நான்தான் பொறுப்பு," என்றான் கோகுலன். "பேப்பரிலை கையெழுத்து வைச்சிட்டன். மிருக வைத்தியர் பன்னிரண்டு மணிக்கு வாறார். பாவம்தான்... என்ன செய்யிறது? விடிய, கோயிலுக்குப் போக முன்னம், நானே என்ரை கையாலை அதுக்குத் தயிர்ச்சோறு குழைச்சு வைச்சனான். ஒரு பருக்கை விடாமல் திண்டுது. திண்ட சோறு செமிக்க முன்னம் இப்பிடிச் செய்துபோட்டுது!"

தயாளினி தலையை நிமிர்த்தினாள்.

"என்ன வைச்சனீங்கள்?"

"தயிர்ச்சோறு."

"பூதம் திண்டதோ?"

"ஓம். பாருங்கோ, கோப்பை வெளிச்சுக் கிடக்கு!"

மாமரத்தடியில் அலுமினியக் கோப்பை. நக்கித் துடைத்த மாதிரிச் சுத்தம்.

"சேர்... அந்த மட்டையைத் திருப்பி வாசியுங்கோ."

ஜஸ்ரின் திருப்பினார். "'மீன் வாசம் இல்லாத சோற்றை முகர்ந்தும் பாராது. பட்டினி கிடக்கும்.' சரி, அதுக்கென்ன? பசிச்சால் திண்ணும்."

"திண்ணாது சேர்! என்னட்டை வந்த புதுசிலை அஞ்சு நாள் பட்டினி கிடந்தது. பருப்பு, பால், தயிர்... ஒண்டையும் தொடேல்லை!"

"அக்கா விசர்க்கதை கதைக்கிறா!" கோகுலனின் குரல் உயர்ந்தது. "கொடியேறின நாளிலை இருந்து இந்த வீட்டிலை மீன், மச்சமில்லை. பதினேழு நாளா அது மரக்கறிதான் திண்டது. இல்லாட்டிச் செத்தெல்லோ போயிருக்கும்?"

ஜஸ்ரின் தலையாட்டினார். நியாயமான கேள்வி!

வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. லூர்த்தம்மா.

"ஐயா... ஒரு விசயம். பெரியவர் ஆருக்கும் சொல்லவேண்டாமெண்டவர். செத்துப்போனார்தானே, இனிச் சொல்லலாம். கொடியேறினதிலை இருந்து பூதத்துக்கு என்ரை வளவுக்குள்ளைதான் சாப்பாடு. வேலி ஓட்டைப் பொட்டுக்காலை வரும். மீன்தலையும் சோறும் திண்டுபோட்டு, வாயைக் கழுவிவிட்ட பிறகுதான் அங்காலை விடுவன். பெரியவற்றை கட்டளை! விரத வீட்டுக்குள்ளை மீன் நாத்தம் போகக்கூடாதாம்."

"இண்டைக்கு வந்ததோ?"

"இல்லை ஐயா. அதுக்கு வைச்ச மீன்தலை அப்பிடியே கிடக்கு."

கோகுலனின் முகத்தில் விபூதி மட்டும் வெள்ளையாக இல்லை.

"சேர்," தயாளினி மெதுவாகச் சொன்னாள். "பூதம் திண்ணேல்லை. கோப்பையோ வெளிச்சுக் கிடக்கு. அப்ப அந்தச் சோறு எங்கை?"

ஜஸ்ரின் நோட்டுப் புத்தகத்தை மூடினார். மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்பது இருபது.

"பன்னிரண்டு மணி மட்டும் நேரம் கிடக்குத்தானே. வாங்கோ, தேடிப் பாப்பம்."

கோகுலன் கைபேசியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான். யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

கவனித்திருக்க வேண்டும்!

* * *

குப்பைக் கிடங்கில் இல்லை. வாய்க்காலில் இல்லை. வாழையடியில் இல்லை.

பின்மதிலுக்கு அப்பால் ஒரு வெறும் வளவு. ஜஸ்ரின் ஒரு கல்லில் ஏறி எட்டிப் பார்த்தார்.

"அட கடவுளே! இதென்ன... காகம் எல்லாம் செத்துக் கிடக்கு!"

ஆறு காகங்கள். புல்லின் மேல் பக்கவாட்டில் கிடந்தன. நடுவில் தயிர்ச்சோறு, முக்கால்வாசி தின்னப்பட்டிருந்தது. மிச்சச் சோற்றில் வெள்ளை வெள்ளையாகச் சின்னத் துண்டுகள், மாத்திரையை உடைத்த மாதிரி.

திருவிழாக் காலத்தில் நல்லூர்க் காகங்களுக்கு என்ன குறை? விரதக்காரர் எல்லோரும் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். மதிலில் சோறு கண்டால் வந்துவிடும். அதை மறந்துபோய் எறிந்திருக்கிறான் எவனோ!

ஜஸ்ரின் மூச்சு வாங்க மதிலேறிக் குதித்து ஒரு காகத்தைத் தூக்கினார். நெஞ்சில் விரலை வைத்தார்.

"சாகேல்லை தங்கச்சி... மூச்சு இருக்கு. நித்திரை! காலமை ஒன்பதரைக்கு நித்திரை கொள்ளுற காகத்தை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

"பெரியவருக்கு நித்திரை வராது சேர். குளிசை போடுறவர்."

"அந்தக் குளிசை நாய்க்கு வைச்சது... நாய் திண்ணாமல் விட்டதைக் காகம் திண்டிருக்கு. தள்ளி விழுத்தின நாய்க்கு ஆர் நித்திரைக் குளிசை குடுக்கிறது? நாயைக் கண்டு பயந்த ஒருத்தன்!"

தயாளினிக்கு அழுகை வந்தது. நிம்மதியில் வந்த அழுகை. பூதம் பிழைத்துவிட்டது!

அப்போதுதான் கேட்டது, முன்பக்கமிருந்து லூர்த்தம்மாவின் அலறல்.

"பிள்ளை...! ஐயோ பிள்ளை...!"

ஓடினார்கள்.

மாமரத்தடியில் மிருக வைத்தியர் அடைக்கலநாதன் முழந்தாளில் இருந்தார். கையில் ஊசி. ஊசி வெறுமையாக இருந்தது.

"பன்னிரண்டு மணிக்கெல்லோ வாறதெண்டு சொன்னது!" தயாளினி கத்தினாள்.

"கோகுலன்தான் உடனை வரச்சொல்லிப் போன் எடுத்தவர் தங்கச்சி. ஆரோ பிள்ளையைக் கடிக்கப் பாய்ஞ்சதாம். சொந்தக்காரர் கையெழுத்தும் இருந்தது... பொலிசும் சம்மதமெண்டார்." அவர் ஊசியைக் கீழே வைத்தார். "சங்கிலியோடை எழும்பி என்ரை தோளிலை கையைப் போட்டுது. ஊசி ஏத்தி முடியிற மட்டும் எடுக்கேல்லை."

தயாளினி கீழே உட்கார்ந்து பூதத்தின் தலையை மடியில் எடுத்தாள். சூடு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நூறடி தூரத்தில் அவள் அதன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதே நேரம் இங்கே அது போய்விட்டது.

"எல்லாம் முடிஞ்சுது சேர்," என்றான் கோகுலன். "குற்றவாளியும் போயிட்டுது. பைலை மூடலாம்தானே?"

ஜஸ்ரின் தொப்பியை நீட்டினார். உள்ளே அந்தக் காகம்!

"மூடலாம். முதல் இவரை எழுப்பி ஒரு வாக்குமூலம் எடுப்பம். உன்ரை தயிர்ச்சோறு திண்டவர் இவர்!"

கோகுலன் தொப்பியைப் பார்த்தான். கேற்றைப் பார்த்தான். கேற்றில் இரண்டு பொலிஸ்காரர்.

"மாமாதான் சேர்... மாமாதான் பிழை!" உடைந்து போனான். "சொந்த மருமகன் நான் இருக்க நாயளுக்கு வளவு எழுதுறதோ? பிரதட்டைக்குப் போக முன்னம் கேட்டன்... மாட்டன் எண்டார். தலையைக் கிணத்துக்கட்டோடை சேத்து மோதினன்..."

"நாய்க்கு முதலே சோறு குழைச்சு வைச்சுப்போட்டுத்தான் கேட்டிருக்கிறாய்!"

கோகுலன் நெற்றி விபூதியைத் துடைத்துக்கொண்டான்.

தயாளினி நிமிராமலே கேட்டாள். "பூதம் அப்ப என்ன செய்தது?"

"வாலை ஆட்டிக்கொண்டு நிண்டுது... நாங்கள் விளையாடுறமெண்டு நினைச்சுதாக்கும்."

லூர்த்தம்மா வேலிக்கு அப்பால் மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை," ஜஸ்ரின் விலங்கை எடுத்தார். "மட்டை உன்ரை வீட்டுச் சுவரிலைதானே தொங்கினது? மீன் இல்லாட்டித் திண்ணாதெண்டு நீ வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான் சேர். பதினேழு நாளிலை அது மீனை மறந்திருக்குமெண்டு நினைச்சன்."

"ஒரு சூடை மீனைப் பிசைஞ்சு போட்டிருந்தால் நாய் நித்திரை, காகம் முழிப்பு, நீ வெளியிலை! இங்கை பக்கத்திலை, திருநெல்வேலிச் சந்தையிலை வாங்கியிருக்கலாமேடா!"

கோகுலன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். முதல் முறையாக அவன் முகத்தில் உண்மையான கோபம்.

"என்ன கதை சேர் கதைக்கிறியள்? கொடியேறியிருக்கு! விரதக்காரன் கையாலை மச்சம் தொடுறதோ?"

ஜஸ்ரினுக்குச் சிரிப்பதா, அறைவதா என்று தெரியவில்லை.

"சேர்..." தயாளினி எழுந்தாள். சட்டையெல்லாம் இரத்தமும் கறுப்பு மயிரும். "அப்ப அந்தப் பின்வளவு? மற்றப் பதினொண்டுக்கும்?"

"எழுதாத உறுதிக்குச் சட்டத்திலை இடமில்லை தங்கச்சி. லண்டனிலை இருக்கிற ஆரோ சொந்தக்காரருக்குப் போகும்." அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "பன்னிரண்டு மணி மட்டும் நேரமிருக்கெண்டு நான்தான் சொன்னனான். பிழை என்னிலை."

அவளுக்கு அவரைத் திட்டக்கூட வலு இல்லை. பதினொரு மட்டைகள். இன்னும் எட்டு நாளில் மாதம் முடிகிறது. மந்திரி அப்போதும் கேற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்தக் கேற்றை என்றுதான் தெரியாது.

தொப்பிக்குள் காகம் அசைந்தது. தலையை உதறியது. தள்ளாடி எழும்பிப் பறந்து மாமரத்தில் ஏறியது. பூதம் எழும்பவில்லை.

ஜீப்பில் ஏறும்போது கோகுலன் தயங்கி நின்றான்.

"சேர்... இன்னும் எட்டு நாள் விரதம் கிடக்கு. மறியலிலை, சிறைக்குள்ளை, சைவச் சாப்பாடு தருவாங்களோ?"

ஜஸ்ரின் கதவை அடித்துச் சாத்தினார்.

"ஏன் தராயினம்? தயிர்ச்சோறு தருவினம்! பிடிக்காட்டி மதிலுக்கு அங்காலை எறி... உனக்குத்தான் கை பழகியிருக்கே!"