கூந்தல் அரைத்த சாயம்

நேற்று பாதியை வெட்டி அரைத்தாயிற்று. இன்று காலையில் காகிதத்தைப் பிரித்தால் முடி பழைய நீளத்துக்கே இருந்தது. கெசையா விரலை வைத்து அளந்து பார்த்தாள். கேப்டன் ஒபதையா கொண்டுவந்து கொடுத்த அன்று போலவே, நடுவிரல் நீளம். கண் மங்கிக்கொண்டு வருகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பாஸ்டனில் சாவு விழுந்த வீடுகள் அக்கா தங்கை இருவரையும்தான் தேடி வரும். இறந்தவரின் முகத்தைத் தந்தத் தகட்டில் உள்ளங்கை அளவுக்கு வரைவது கெசையா. அவர் முடியையே பொடிப்பொடியாக நறுக்கி, பிசின் தண்ணீரில் அரைத்து, அந்தச் சாயத்தால் தகட்டின் பின்பக்கம் கல்லறையும் அதன்மேல் கவிந்த மரமும் தீட்டுவது டார்க்கஸ். கிளைகள் இழை இழையாகத் தொங்க வேண்டும். அதற்காகத் தூரிகையை ஒவ்வொரு தடவையும் நாக்கில் வைத்துக் கூராக்குவாள். அக்கா பழக்கிவிட்டதுதான்.

இந்தப் பொன்னிற முடி கேப்டனின் மனைவி ஹெப்ஸிபாவுடையது. அவளைப் புதைத்து ஆறு வாரம் ஆகவில்லை, அதற்குள் அந்த ஆள் டார்க்கஸைப் பெண் கேட்டுவிட்டான், இவளும் தலையாட்டிவிட்டாள். கெசையாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"படுக்கையில கெடந்தப்பகூட சீவிக்கிட்டே இருப்பா," என்று முடியை நீட்டும்போது கேப்டன் சொன்னான். "யாரையும் தொட விடமாட்டா. கண்ண மூடினப்புறம்தான் வெட்ட முடிஞ்சுது."

அரைக்க அரைக்க அது கெட்டுப்போன வெண்ணெய்போல் நாறியது. கழுவினாலும் விரலிடுக்கில் பிசுபிசுப்பு போகவில்லை. மதியம் மீன் சூப்பில் பொன்னிறத்தில் ஒரு முடி. அக்காளுக்கும் தங்கைக்கும் கறுப்புத் தலை. கெசையா அதை எடுத்துப் போட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"தொண்டையில ஏதோ இருக்குக்கா," என்றாள் டார்க்கஸ்.

"முள்ளா இருக்கும். ரொட்டிய முழுங்குடி."

"மூணு முழுங்கியாச்சு. கல்யாணத்துக்குள்ள குண்டாயிடப் போறேன்."

"அவருக்கென்ன, யாரா இருந்தாலும் சரி. ஆறு வாரம் பொறுக்காத மனுஷன்."

டார்க்கஸ் சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்கவில்லை. கெசையா அவள் முதுகைத் தடவிவிட்டாள். தடவிய கையின் அடியில், மூச்சிரைப்புக்கும் கீழே, ஈரத் தலையில் சீப்பு மெல்ல இறங்குவதுபோல் சரக்... சரக்... என்று ஒன்று கேட்டது. கையை எடுத்தாள். நின்றது. காற்று ஜன்னலை உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் தலையணை முழுக்கப் பொன்னிற முடி. வெண்ணெயில் முடி, பிசின் கிண்ணத்தில் முடி. டார்க்கஸின் குரல் கம்மிப்போயிற்று, தண்ணீர்கூட இறங்கவில்லை. கெசையா காகிதத்தைப் பிரித்தாள். நடுவிரல் நீளம். அப்படியே அடுப்பில் போட்டாள். கருகிய நாற்றம் வீடெல்லாம் பரவியது. கதவைத் திறந்து வைத்தும் போகவில்லை.

"இந்த வேலையும் வேண்டாம், அந்த மனுஷனும் வேண்டாம்டி," என்றாள். "படத்தைத் தூக்கி அவன் மூஞ்சியிலயே எறிஞ்சிட்டு வந்திடுறேன். எனக்கு நீ இருந்தா போதும்."

டார்க்கஸ் கண் பிதுங்க, வாயைத் திறந்து காட்டினாள்.

பட்டப்பகல் வெளிச்சம். நாக்கின் வேரில் ஒற்றை முடி. பொன்னிறம்.

கெசையா நகத்தால் பற்றி இழுத்தாள். வந்தது. வழவழவென்று, வெதுவெதுப்பாக. அருவருத்தாலும் விடவில்லை. விட்டால் தங்கை செத்துப்போவாள். ஒரு முழம். இரண்டு முழம். ஒன்று பத்தாயிற்று, பத்து ஒரு கற்றையாயிற்று. கையில் சுற்றிச் சுற்றி இழுத்தாள்.

நின்றது.

பலமாக இழுத்தாள். அசையவில்லை.

சரக். உள்ளேயிருந்து. சரக்.

மறுமுனையில் யாரோ இழுத்தார்கள். மெதுவாக. முடி இறுகியது, விரல்கள் நீலமாயின. உதற முடியவில்லை. மணிக்கட்டுவரை சுற்றியிருந்த கெசையாவின் கை, தங்கையின் திறந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.