முடிவுப்படம்

அன்று காலை வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே செபஸ்தி கேட்டான்: "இன்னைக்கு மீன்காரம்மா என்ன கொண்டு வருவா, சொல்லுட்டி பாப்போம்."

ஜெசிந்தா அடுப்படியிலிருந்தபடியே சாளை என்றாள். அவன் நெத்திலி என்றான். தோற்றவர் ராத்திரிப் பாத்திரம் கழுவ வேண்டும். அந்த வீட்டில் நடந்த ஒரே பந்தயம் அதுதான்.

தூத்துக்குடியில் மற்ற வீடுகள் எல்லாம் வேறு மாதிரி விடிந்தன. கண் விழித்ததும் கைப்பேசி கேட்கும்: இன்று பஸ் நேரத்துக்கு வருமா? கரண்ட் போகுமா? எதிர்வீட்டுக்காரருக்கு விசா கிடைக்குமா? பல் துலக்குவதற்குள் தெருவே ஊகமேடை என்ற சூதாட்ட நிறுவனத்தில் பந்தயம் வைத்துவிடும். செபஸ்தி வைக்க முடியாது. அவன் அந்த மேடையின் துறைமுகச் சாலைக் கிளையில் குறை கேட்கும் இருக்கையில் வேலை பார்த்தான். தோற்றவர்கள் வந்து வைகிற வசவை நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருகிறவன், வீட்டில் ஒரு கேமராகூட வைக்க விடவில்லை. எல்லா வீடுகளிலும் வீட்டுக்கண் இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவள் ஒருமுறை கேட்டதற்கு, அங்கே நாள் முழுக்கக் கேமரா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இங்கேயாவது யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்துகொள்கிறேன் என்றான்.

மீன்காரம்மா அன்று காரல் கொண்டு வந்தாள். இரண்டு பேருமே தோற்றார்கள். மாலையில் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஜெசிந்தா வைத்திருந்தாள். செபஸ்தி வரவில்லை. மறுநாள் விடிந்தபோது அலைத்தடுப்புக் கற்களுக்கு இடையில் கிடந்தான்.

அந்த இடத்துக் கேமராவை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டிருந்தது. பார்த்தவர் யாருமில்லை. கல்லறையிலிருந்து திரும்பி வருவதற்குள் ஊகமேடையில் கேள்வி ஏறிவிட்டது: செபஸ்தி எப்படி இறந்தார்? தவறி விழுந்தார். தானே விழுந்தார். பந்தயத்தில் தோற்றுப்போன யாரோ ஒருவர் தள்ளினார். மைத்துனர் கிளீட்டஸ்.

கிளீட்டஸ் ஜெசிந்தாவின் தம்பி. மேடையில் பணத்தை விட்டவன். அதற்கு முந்தின வாரம்தான் கிளைக்குப் போய், அத்தான் என்றும் பாராமல் செபஸ்தியின் சட்டையைப் பிடித்திருந்தான். கிளையின் எல்லாக் கேமராக்களிலும் அது இருந்தது. அன்று இரவே வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டு, அத்தானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டது எதிலும் இல்லை. செபஸ்தி இறந்த மாலை முழுவதும் அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டு, கன்டெய்னர் யார்டில் கிடைக்கப்போகிற புது வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததும் எதிலும் இல்லை. தேடிப் போகலாம் என்று இருவரும் சேர்ந்துதான் வீட்டை விட்டு இறங்கினார்கள்.

சாட்சி இல்லாத சாவுகளுக்கு ஒரு வழி ஏற்கெனவே வந்திருந்தது. கோர்ட்டில் வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். பந்தயம் வைத்தவர்கள் அதுவரை பொறுக்க மாட்டார்கள். அதனால் கதைப்பொறி என்ற இயந்திர அறிவு எல்லாப் பதிவுகளையும் வாரிச் சேர்த்து, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டோ அதை ஒரு படமாக எடுத்துக் கொடுக்கும். தியேட்டரில் ஓடுகிற அந்த முடிவுப்படம் யாரைக் காட்டுகிறதோ, அவர்மேல் வைத்தவர்கள் ஜெயித்தவர்கள். போலீஸ் முதலில் அதை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டது. பிறகு புகாராக. இப்போது படம் வந்துவிட்டால் வழக்கு முடிந்த மாதிரிதான். ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள்கூடப் பிறகு டிக்கெட் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கதைப்பொறியின் அலுவலகத்திலிருந்து தர்ஷினி என்றொரு பெண் வாக்குமூலம் எடுக்க வந்தாள். இளம்பெண், மரியாதையானவள். ஜெசிந்தா சொன்னதையெல்லாம் பதிவு செய்துகொண்டு, கிளம்புவதற்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா, வாயால சொல்றதுக்குப் பொறி பெரிசா மதிப்புத் தராது. சொந்தக்காரங்க எல்லாரும் இப்படித்தானே சொல்வாங்க. காசு வச்சு யாரும் பொய் சொல்றதில்ல, பாருங்க. செத்தவரோட மனைவி வைக்கிற பந்தயத்துக்குத்தான் எல்லாத்தையும்விட எடை அதிகம். தவறி விழுந்தாருன்னு நீங்க ஒண்ணு வச்சிருங்க. தம்பிக்கு நல்லது."

கட்டின புருஷனின் பிணத்தின்மேல் பந்தயம் வைக்கச் சொல்கிறாள் என்பது மட்டும்தான் ஜெசிந்தாவின் காதில் விழுந்தது. அதைத் தம்பியிடம் திருப்பிச் சொல்லவே அவளுக்குக் கூசியது. அந்த மேடையில் நான் கைவைக்க மாட்டேன் என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

ஆறுதல் சொல்ல வந்த பக்கத்துவீட்டுப் பவுலின் மைனி, இருவரையும் வைத்துக்கொண்டே காப்புப் பந்தயத்தைப் பற்றி எடுத்தாள். தெருவில் அது வழக்கம்தான். சந்தேகப் பட்டியலில் ஒருவன் பேர் வந்துவிட்டால், அவன் வீட்டார் அவன்மேலேயே பந்தயம் வைப்பார்கள். படம் அவனைக் காட்டிவிட்டால், அவன் உள்ளே இருக்கும் காலத்துக்கு வீட்டில் உலை கொதிக்கும். காட்டாவிட்டால் காசோடு போயிற்று. "எங்க அண்ணன்மேல நாங்க போட்டோம்லா. படத்துல அவன் இல்ல. போன காச மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துனதா நெனச்சுக்கிட்டோம்," என்றாள் மைனி. ஜெசிந்தா எழுந்து உள்ளே போய்விட்டாள். கிளீட்டஸ் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அதுவரை தவறி விழுந்ததும் கிளீட்டஸும் மேடையில் ஏறக்குறைய சமமாக இருந்தன. ஒரு மதியம், காரணம் தெரியாமல், தராசு அவன் பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது சாய்ந்ததுதான். அதன் பிறகு பெட்டிக்கடைக்காரர் மிச்சச் சில்லறையை அவன் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்தார். கன்டெய்னர் யார்டிலிருந்து வரவேண்டிய அழைப்பு வரவில்லை. கோயிலில் அவனுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. வெளியூர் போகிறவனிடம் பேசுவதுபோல எல்லோரும் கனிவாகப் பேசினார்கள். அதுதான் ஜெசிந்தாவுக்குப் பயமாக இருந்தது.

படம் வந்தது. பட்டியலில் இருப்பவர்கள் முதல் காட்சிக்குப் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. போகாவிட்டால் ஊர் வேறு மாதிரி நினைக்கும். அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

திரையில் செபஸ்தி நடந்து வந்தான். இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு அவன் நடக்கிற அதே நடை. தெருக் கேமராக்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த நடை. ஜெசிந்தா தன்னை அறியாமல் புடவையைச் சரிசெய்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது: அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் அவன் சிரித்ததில்லை. அதனால் சிரிப்பு எப்படி இருக்கும் என்று பொறிக்குத் தெரியவில்லை.

சூதாட்டக் கதை. இதுபோல எத்தனையோ பார்த்த கூட்டம். தோற்ற மைத்துனன், மேடையில் வேலை பார்க்கும் அத்தான், சட்டையைப் பிடிக்கும் காட்சி, இருட்டிய கடற்கரை. பின்வரிசையில் ஒருவர், இப்போது தண்ணீர் கேட்பான் பார் என்றார். திரையில் கிளீட்டஸ் தண்ணீர் கேட்டான். இப்போது போன் வரும் என்றார். வந்தது. யாருக்கும் சலிப்பில்லை. தெரிந்த பாட்டைக் கேட்பதுபோல எல்லோரும் லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். செபஸ்தியின் வீட்டுக்குள் நடந்ததற்குப் பதிவே கிடையாது. அந்த இடங்களைப் பொறி மற்ற வீடுகளை வைத்து நிரப்பியிருந்தது. திரையில், மாலை வெயில் மஞ்சளாக விழும் அடுப்படியில் தனியாக நின்ற மனைவியை அடிக்கச் செபஸ்தி கை ஓங்கினான். அரங்கம் அவளுக்காக உச்சுக் கொட்டியது. ஜெசிந்தா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் மற்றவர்களைப் போலவே அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கற்களின்மேல் நின்று கிளீட்டஸ் தள்ளினான். படம் முடிந்தது. ஜெயித்தவர்களின் இருக்கைக் கைப்பிடியில் பச்சை விளக்கு எரியும். முன்வரிசை எரிந்தது, அடுத்த வரிசை, அதற்கடுத்தது. அரங்கம் முழுக்கப் பச்சை. யாரும் கைதட்டவில்லை, பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

ஜெசிந்தாவின் கைப்பிடியும் பச்சையாக எரிந்தது. அவள் அதை உள்ளங்கையால் மூடினாள். விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்தது.

"யாருல இதப் போட்டது?"

"நாந்தான். உன் போன்ல." கிளீட்டஸ் அவளைப் பார்க்கவில்லை. "நீ போடமாட்டேன்னுட்ட. எப்படியும் எம் பேருதான் வரும்னு தோணிச்சு. அத்தானும் இல்ல, நானும் இல்லன்னா நீ என்ன செய்வக்கா?"

தர்ஷினி சொன்னதை அப்போதுதான் அவள் அவனிடம் சொன்னாள். பவுலின் மைனியின் வீட்டார் வைத்தது சந்தேகிக்கப்பட்டவனின் வீட்டார் பந்தயம். பொறிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இங்கேதான் அந்த வீடும் செத்தவனின் வீடும் ஒன்று; அவன் போட்டது செத்தவனின் மனைவி போட்டதாக ஏறியிருந்தது. கிளீட்டஸ் கடைசிவரை கேட்டான். "அப்ப படத்த எடுத்ததே நாந்தான்னு சொல்லு," என்றான்.

வாசலில் போலீஸ்காரர் நின்றிருந்தார். அதட்டவில்லை. இவர்கள் கூட்டத்தோடு இறங்கி வரட்டும் என்று காத்திருந்து, படம் எப்படி என்று விசாரித்தார். "நெனச்ச மாதிரிதான் சார்," என்றான் கிளீட்டஸ்.

மறுநாள் விமர்சனங்கள் வந்தன. ஒரு காட்சிகூட ஏமாற்றவில்லை என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். அந்தப் பணம் வேண்டாம், பந்தயத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெசிந்தா மேடைக்கு எழுதினாள். தீர்ந்த கேள்வியை மறுபடி திறக்க வழியில்லை என்று பதில் வந்தது. செபஸ்தி இருந்த இருக்கையில் இப்போது வேறொருவர். பதிலின் அடியில் அவர் பெயர் இருந்தது.

மாதம் ஒருமுறை பாளையங்கோட்டைச் சிறைக்குப் போனாள். ஆரம்பத்தில் கிளீட்டஸ் சாப்பாட்டைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் பேசினான். உள்ளே சனிக்கிழமைகளில் பழைய முடிவுப்படங்கள் போடுவார்களாம். அவன் படத்தையும் போட்டார்களாம், பல தடவை. பிறகு ஒருநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, யோசித்து யோசித்துக் கேட்டான்.

"யக்கா, நான் அத்தானத் தள்ளலன்னு உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"என்ன கேள்வி கேக்க? நீ எங்கூட அடுப்படியில இருந்தடா."

"நீ சொல்லுதது கேக்குது. எனக்கு அந்தக் கல்லுதான் ஞாவகம் வருது. வழுக்குது. அவரு சட்டை கையில இருக்கு." அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "தேங்கா துருவுனது வரமாட்டேங்குது."

பஸ்ஸில் வரும்போது ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு அந்த மாலையை எடுத்துப் பார்த்தாள். அவனுக்காக அவளாவது வைத்திருக்க வேண்டும். அடுப்படி வந்தது. அடுப்பு வந்தது. மாலை வெயில் சன்னல் வழியாக மஞ்சளாக அடுப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். தனியாக நின்றுகொண்டிருந்தாள். தம்பியைத் தேடித் தேடிப் பார்த்தாள்; தரையில் யாரும் இல்லை. எத்தனை முறை மூடித் திறந்தாலும் அதே வெயில், அதே வெற்றுத் தரை. பக்கத்தில் இருந்தவர் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயும் நேரம். விளக்கைப் போடாமல் நேரே அடுப்படிக்குப் போய் நின்றாள். உள்ளே மங்கிக் கிடந்தது. கை அடுப்புத் திண்டில் பட்டது, குளிர்ந்திருந்தது. வெளியே பின்சந்துச் சுவரின் நிழல் நீண்டு கிடந்தது.

சன்னல் கிழக்கே பார்த்து இருந்தது. அந்த வீட்டில், மாலையில், அடுப்படிக்கு வெயில் வந்ததே இல்லை.